நுங்கம்பாக்கத்தில் வேலை இழந்த தொலைநோக்கி

ஏலத்தில் பழைய வீடியோ கேம் மெஷின் எடுக்கிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் பெட்டியின் பின்பக்கம் போய்விடுவார்கள். பலகை உளுத்திருக்கிறதா, படக்குழாய் எரிகிறதா, உள்ளே இருக்கும் போர்டு முதலிலிருந்தே இருந்ததா, இடையில் யாராவது மாற்றினார்களா என்று பார்ப்பார்கள். பெட்டி ஒன்றாகவும் அதற்குள் ஓடும் ஆட்டம் வேறொன்றாகவும் இருப்பது அந்தத் தொழிலில் சகஜம். 1980இல் ஜப்பானின் நின்டெண்டோ 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டை நம்பி 3,000 பெட்டிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவற்றில் ஆயிரம் போல விற்றன. மிச்சம் கிடங்கில் தேங்கின. மறு ஆண்டு மியாமோட்டோ என்ற இளைஞர் 'டாங்கி காங்' என்ற வேறொரு ஆட்டத்தை உருவாக்கினார். தேங்கிக் கிடந்த பெட்டிகளைத் திறந்து போர்டை மாற்றி அதே பெட்டிகளில் அதை விற்றார்கள். அமெரிக்காவில் அந்த நிறுவனம் காலூன்றியது அப்போதுதான்.

பழனி மலையிலும் இப்படி ஓர் இயந்திரம் இருக்கிறது. ஒரு வேலைக்காக வாங்கப்பட்டு, அந்த வேலை முடிந்த பிறகு உள்ளும் புறமும் திருத்தப்பட்டு, முற்றிலும் வேறொரு வேலையில் ஏறக்குறைய நூறாண்டு உழைத்தது. கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் சூரியனைப் படம் எடுக்கும் 6 அங்குலத் தொலைநோக்கி அது. ஏரியில் படகு ஓட்டி, கோக்கர்ஸ் வாக்கில் நடந்து, சாக்லேட் வாங்கிக்கொண்டு கீழே இறங்கும் லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே இதைத் தெரியும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. உலகில் இன்னும் முறையாகப் பயன்படும் மிகப் பழைய தொலைநோக்கிகளில் ஒன்றாக இந்திய வான் இயற்பியல் நிறுவனமே இதைக் குறிப்பிட்டிருக்கிறது.

அது பிறந்த ஊர் பாரிஸ். செய்தவர்கள் லெரெபூர், செக்ரெத்தான் என்ற இரு கூட்டாளிகள். 1845இல் சேர்ந்து தொழில் தொடங்கிய இவர்கள் தொலைநோக்கி மட்டும் விற்கவில்லை. அப்போதுதான் வெளிவந்திருந்த தகேரியோ முறைப் புகைப்படக் கருவிகளும் லெரெபூர் பெயரில் விற்பனையாயின. அதே 1845இல், ஏப்ரல் 2ஆம் தேதி, அதே பாரிஸில் ஃபூக்கோவும் ஃபிசோவும் வெள்ளி பூசிய தகட்டில் சூரியனைப் படம் பிடித்தார்கள். சூரியப் புள்ளிகள் தெரியும்படி எடுத்த முதல் படம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஊரிலிருந்து கிளம்பிய ஒரு தொலைநோக்கி பின்னாளில் சூரியனைப் படம் எடுக்கவே வாழ்ந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

1850இல் அது மதராஸ் வந்து சேர்ந்தது. வந்த இடம் நுங்கம்பாக்கம் வானாய்வகம். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய அந்த ஆய்வகத்துக்கே மூலதனம் ஒரு தனி மனிதரின் பழைய சாமான்கள்தான். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தன் வீட்டோடு ஒரு சிறு வானாய்வகம் வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது கருவிகளை அரசுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றில் ஒன்று லண்டன் கடிகாரக்காரர் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம். 1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கேப்டன் குக் தஹிதித் தீவுக்குக் கொண்டுபோனதும் ஷெல்டன் செய்த அதே வகைக் கடிகாரம்தான். எழும்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் போன பெட்ரியின் கடிகாரமும் பிறகு கொடைக்கானல் ஏறியது.

பாரிஸ் தொலைநோக்கி வந்தபோது ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப். அவருக்கு முன்னிருந்த டெய்லர் 11,000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியல் போட்டு முடித்திருந்தார். ஜேக்கபுக்கு ஆசை வேறு. இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதை அளக்க வேண்டும். அதற்கு நல்ல கண்ணாடி வேண்டும். 1852இல் அவர் சனியின் உட்புற மங்கல் வளையம் ஒளி ஊடுருவக் கூடியது என்று கண்டார். ஆங்கிலேய வானியலாளர் லாசெல்லும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதையே கண்டிருந்தார். 1855இல் ஜேக்கப் இன்னும் துணிச்சலான ஒன்றைச் சொன்னார். ஒஃபியூக்கஸ் மண்டலத்தின் 70ஆம் எண் விண்மீன் உண்மையில் ஓர் இரட்டை. அந்த இரண்டின் ஓட்டம் கணக்கோடு ஒத்துவரவில்லை. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். வேறொரு சூரியனைச் சுற்றும் கோளைக் கண்டதாக வந்த முதல் கூற்றுகளில் ஒன்று நுங்கம்பாக்கத்திலிருந்து கிளம்பியது. அது நிலைக்கவில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் அப்படியொரு சுற்றுப்பாதை நிலையாக இருக்க முடியாது என்று கணிதவியலாளர்கள் காட்டினார்கள். வேற்றுச் சூரியக் கோள்கள் உறுதியானது 1990களில்தான். ஆனாலும் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்க ஜேக்கபுக்குத் தெரிந்திருந்தது. அதை நான் தோல்விக் கணக்கில் எழுதமாட்டேன்.

அந்த ஈரக்காற்றுதான் பிரச்சினை என்று ஜேக்கபுக்கும் புரிந்திருந்தது. உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர், மலைமேல் ஒரு வானாய்வகம் நடத்தும் திட்டத்தோடு 1862இல் மறுபடி இந்தியா வந்தார். வந்து இறங்கிய சில நாட்களில் புனாவில் இறந்துபோனார். மலைமேல் வானம் பார்க்கும் ஆசை அவரோடு முடியவில்லை. அது நிறைவேற இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

ஜேக்கப் ஊர் திரும்பியபின் வந்த நார்மன் போக்சன் முப்பது ஆண்டுகள் நுங்கம்பாக்கத்தில் இருந்தார். வந்து இரண்டு மாதத்தில், 1861 ஏப்ரலில், ஒரு குறுங்கோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். அவரிடம் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ரெட்டிக்குலம் மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ரகுநாதாச்சாரியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது, அந்தக் காலத்தில் நுங்கம்பாக்கத்தின் பாதை முழுக்க இரவு வானத்தை நோக்கியே போனது என்பதைத்தான். 1860களில் 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் வந்துவிட்டது. பாரிஸிலிருந்து வந்த 6 அங்குலம் ஆய்வகத்தின் இரண்டாவது கருவியாக இறங்கியது.

பிறகு 1876 முதல் 1878 வரை பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று நம் வீடுகளில் பேசப்பட்ட அதே பஞ்சம். மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்று கேட்டவர்களில் சிலர் சூரியனைச் சுட்டினார்கள். சூரியப் புள்ளிகள் சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. புள்ளி குறையும் காலத்தில் தென்னிந்தியாவில் மழையும் குறைகிறது என்று வானியலாளர் லாக்கியரும் புள்ளிவிவர அதிகாரி ஹன்ட்டரும் 1877இல் எழுதினார்கள். அந்தத் தொடர்பு அவர்கள் நம்பிய அளவுக்கு நேரானதில்லை. பிரிட்டிஷ் அரசு தானியத்தைக் கப்பலேற்றிக்கொண்டே மழைக்குக் காரணத்தை வானத்தில் தேடியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அதனால் ஒரு காரியம் நடந்தது. 1878 முதல் டேராடூனில் தினமும் சூரியனைப் படம் எடுத்தார்கள். தெற்கே உயரமான இடத்தில் சூரியனுக்கென்றே ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற பேச்சும் வலுத்தது.

இடம் தேடியவர் மதராஸ் கிறித்துவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித். 1880களில் நீலகிரியிலும் பழனி மலையிலும் வானத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். கோத்தகிரியும் ஊட்டியும் தோற்றன, கொடைக்கானல் ஜெயித்தது. போக்சன் 1891இல் இறந்த பிறகு அரசு வானியலாளர் பதவியும் இவரிடமே வந்தது. 1895இல் ஆளுநர் வென்லாக் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார். கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் கட்டடம் எழும்பியது. 1899இல் நுங்கம்பாக்கத்தின் வானியல் பணிகள் மலைக்கு மாறின.

பாரிஸ் தொலைநோக்கியின் தலையெழுத்து நிர்ணயமானது இந்தச் சில ஆண்டுகளில்தான். அரசு அலுவலகங்களில் பழைய கருவிக்கு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். புதுக் கட்டடம், புதுப் பட்டியல், புதுக் கருவி. பழையது டெட் ஸ்டாக் பதிவேட்டில் ஏறும். யாராவது அதிகாரி 'கண்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏலத்தில் பித்தளை ஒருவருக்கும் இரும்பு ஒருவருக்கும் போகும். எடைபோட்ட பிறகு எது எதனுடைய பகுதி என்று யாருக்கும் தெரியாது. மதராஸில் மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டியது 1898இல், திறந்தது 1900இல். 1985இல் எரிந்து போகும்வரை பழைய பொருள்களுக்கு அதுதான் அந்த ஊரின் கடைசி நிழல். ஐம்பது வயதான தொலைநோக்கி ஒன்று அந்தப் பக்கம் போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அது போகவில்லை. மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டிய அதே 1898இல், டப்ளினின் கிரப் நிறுவனத்தின் கையால் இது திருத்தப்பட்டது. விண்மீன் பார்க்க வந்த கருவி சூரியப் படக்கருவியாக மாறியது.

இந்த மாற்றம் சின்ன வேலை இல்லை. விண்மீன் பார்ப்பவனுக்கு ஒளி போதாது. கிடைக்கும் ஒவ்வொரு துளியையும் கண்ணுக்குள் சேர்க்க வேண்டும். சூரியனைப் பார்ப்பவனுக்கு ஒளி மிகை. நொடியின் மிகச் சிறு பங்கு மட்டும் திறந்து மூடும் கதவு வேண்டும். பிம்பத்தின் அளவும் பிரச்சினை. ஒரு வில்லை காட்டும் சூரியனின் விட்டம், அந்த வில்லையின் குவியத் தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். புள்ளிகளை அளக்கும்படி 20 செ.மீ. விட்டச் சூரியன் வேண்டுமென்றால் 21 மீட்டருக்கு மேல் நீளமான குழல் வேண்டியிருக்கும். அவ்வளவு நீளத்தைத் தாங்கித் திருப்புவது நடவாத காரியம். அதனால் குழலுக்குள் விழும் சின்னச் சூரியனை இன்னொரு வில்லையால் பெருக்கித் தகட்டில் விழவைக்கிறார்கள்.

இடம் மாறியதால் வந்த சிக்கல் ஒன்றும் உண்டு. பூமி சுழல்வதால் வானம் நகர்கிறது; அதோடு சேர்ந்து தொலைநோக்கியும் நகர வேண்டும். அதற்காக அதன் முக்கிய அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைப்பார்கள். அந்தச் சாய்வு ஊரின் அட்சரேகைக்குச் சமம். நுங்கம்பாக்கத்தில் அது 13 பாகைக்குச் சற்று மேல். கொடைக்கானலில் 10 பாகைக்குச் சற்று மேல். அதாவது, அதே கருவியை அப்படியே கொண்டுபோய் மலையில் வைத்தால் கிட்டத்தட்ட மூன்று பாகை தப்பிப் போகும். தெற்கே வந்த தொலைநோக்கி சற்றுத் தாழ்ந்து படுக்க வேண்டும்.

மலைக்கு ஏற்றுவதும் அன்று லேசான காரியம் இல்லை. வத்தலகுண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் இன்றைய சாலையில் வண்டி ஓடத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான். 1899இல் கொடைக்கானலுக்கு வழக்கமான வழி, ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்குப் போய், அதற்கு மேல் செண்பகனூர் வழியாக ஒற்றையடிப் பாதையில் ஏறுவது. அந்த ஸ்டேஷனுக்குத்தான் இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர். துரைமார்கள் டோலியிலும் குதிரையிலும் போனார்கள். சாமான்கள் தலைச்சுமையாகப் போயின. பாதைக்கே கூலிக் காட் என்று பெயர். பியானோ, கட்டில், ஜன்னல் கண்ணாடி என்று கொடைக்கானலின் பழைய பங்களாக்களில் இருக்கும் கனத்த பொருள் எதைத் தொட்டாலும் அதன் அடியில் பெயர் தெரியாத ஒரு மனிதரின் கழுத்து இருக்கிறது. வானாய்வகத்தின் ஆவணங்களில் இயக்குநர்கள் பெயரெல்லாம் உண்டு; சுமந்தவர்கள் பெயர் இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.

மலைக்கு வந்தும் இதற்கு உடனே முதலிடம் கிடைக்கவில்லை. 1904 முதல் கொடைக்கானலில் சூரியனின் தினப்படங்கள் எடுக்கத் தொடங்கியபோது வேறு சிறிய கருவி பயன்பட்டது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நிறமாலைச் சூரியப் படக்கருவிக்குத்தான் பெயரும் புகழும். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். உலகப் பாடநூல்களில் எவர்ஷெட் விளைவு என்று இருக்கும் அது கொடைக்கானலில் கண்டது. பழைய 6 அங்குலத்துக்கு நிலையான வேலை வந்தது 1918இல். அப்போது அமைத்த ஏற்பாட்டைப் பிறகு ஆய்வகத்தார் மாற்றவில்லை.

காலையில் மேகம் விலகி இருந்தால் திறக்க வேண்டும். மலையில் வெயில் ஏறித் தரை சூடாவதற்குள் காற்று அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டும். தகட்டைக் கழுவி, தேதி எழுதி, அடுக்கி வைக்க வேண்டும். அடுத்த நாளும் அதுவே. இதில் கண்டுபிடிப்பு இல்லை, பரிசு இல்லை, செய்தித்தாளில் பெயர் வராது. இரண்டாம் உலகப் போர், சுதந்திரம், 1960இல் வேணு பாப்பு இயக்குநராக வந்தது, 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தனி அமைப்பானது, தலைமையகம் பெங்களூருக்குப் போனது எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் காலை வேலை நடந்தது. கிரீனிச்சில் 1874இல் தொடங்கிய சூரியப் படத் தொடர் 1976இல் நின்றது. அந்தத் தொடரில் மேகமூட்ட நாட்களின் இடைவெளிகளை அடைக்கத் தன் தகடுகளை அனுப்பிய கொடைக்கானல், அது நின்ற பிறகும் எடுத்தது.

இதே ஆய்வகத்துக்கு வந்த இன்னொரு பழைய கருவியின் கதை வேறு. புனாவில் கே.டி. நேகம்வாலா, பாவ்நகர் மகாராஜாவின் நன்கொடையில் 20 அங்குலப் பிரதிபலிப்புத் தொலைநோக்கி ஒன்றை வைத்திருந்தார். அன்றைக்கு இந்தியாவில் அதைவிடப் பெரியது இல்லை. 1912இல் அவர் ஓய்வுபெற்றதும் ஆய்வகத்தை மூடிக் கருவிகளைக் கொடைக்கானலுக்கு அனுப்பிவிட்டார்கள். சூரியனையே பார்க்கும் ஊரில் அந்தப் பெரிய இரவுக் கருவிக்கு நெடுங்காலம் உரிய வேலை கிடைக்கவில்லை. 1980களில் அது லடாக் பக்கம் போய், புது ஆய்வகத்துக்கு இடம் தேடும் பணியில் உதவியது. பெரியது காத்திருக்க, பாதி அளவுகூட இல்லாத சின்னது தினமும் உழைத்தது. எந்த இயந்திரம் பிழைக்கும் என்பதை அதன் அளவோ விலையோ முடிவு செய்வதில்லை என்று நான் நம்புவது இதனால்தான். நாளைக் காலையில் அதைத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்காவது இருக்க வேண்டும்.

1990களில் சிவராமன், குப்தா, அமெரிக்காவின் ஹோவர்ட் ஆகியோர் 1906 முதல் 1987 வரையிலான கொடைக்கானல் படங்களை எடுத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக இடமும் பரப்பும் அளந்தார்கள். 1918க்குப் பிறகான எழுபது ஆண்டுப் படங்கள் அனைத்தும் ஒரே ஏற்பாட்டில் எடுத்தவை. அதனால் அளவில் தெரியும் மாற்றம் சூரியனில் நடந்த மாற்றம்தான் என்று நம்பிப் பேச முடிந்தது. நடுவில் நாலு முறை கருவி மாறியிருந்தால் அந்த நம்பிக்கை இருந்திருக்காது. பிறகு தகடுகளும் ஃபிலிம்களும் மின்னணுப் படங்களாக மாறின. இன்று எந்த நாட்டு ஆய்வாளரும் அவற்றைக் கேட்டுப் பெறலாம்.

அவர்கள் அந்தப் படங்களில் முக்கியமாகத் தேடுவது ஒரு சாய்வை. சூரியப் புள்ளிகள் பெரும்பாலும் கூட்டமாக, முன்னும் பின்னுமாக வரும். முன்னால் போகும் புள்ளி நடுக்கோட்டுக்குச் சற்றே அருகில் இருக்கும். பின்னால் வருவது சற்றே விலகி இருக்கும். கூட்டம் கலையும்போது பின்புள்ளியின் காந்தப்புலம் மெல்ல மெல்லத் துருவத்தை நோக்கி நகர்ந்து அங்கே சேர்கிறது. அந்தச் சேர்மானம் எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த பதினோரு ஆண்டுச் சுழற்சி வலுவாகவோ மெலிந்தோ எழும். செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் தாக்கக் கூடிய சூரியப் புயல்கள் எந்த ஆண்டுகளில் அதிகம் வரும் என்று கணக்குப் போடுகிறவர்கள், கடந்த சுழற்சிகளில் அந்தச் சாய்வு எத்தனை பாகை இருந்தது என்பதைக் கொடைக்கானல் தகடுகளிலிருந்து அளந்து எடுக்கிறார்கள்.